அரிசிப் பெட்டியோடு ஐரோப்பா ஒத்திகை

காலை எட்டு மணிக்குப் பத்துக் கிலோ அரிசியைப் பயணப் பெட்டிக்குள் வைத்து, புக்கிட் மேரா வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். ஐரோப்பா போவதற்கு முன்னால், சிங்கப்பூருக்குள்ளேயே காத்தோங் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று.

கலா, மும்தாஜ், நான் மூன்று பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஐம்பது தாண்டிவிட்டது. கிடைத்த விடுமுறை ஒன்பது நாள். கலாவுக்கு ரோமும் வெனிஸும் வேண்டும். மும்தாஜுக்குப் பாரிசும் சுவிட்சர்லாந்தும். வழியில்தானே என்று ஆம்ஸ்டர்டாமும் பிராகும் சேர்ந்துகொண்டன. இரண்டு ஊர் போதும் என்றேன். அவ்வளவு தூரம் போய் இரண்டே ஊரா என்று கலா சண்டைக்கு வந்தாள். பஃபேயில் தட்டை நிரப்பும் புத்தி இது. வேறொன்றுமில்லை.

இந்தத் தீவில் எங்கே போனாலும் ஒரு மணி நேரம். அதனால் ரயில் நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். அறையைக் காலி செய்ய வேண்டும், முன்னதாகவே ஸ்டேஷனில் நிற்க வேண்டும், இறங்கியதும் விடுதியைத் தேட வேண்டும். மத்தியானம் வரை அறை தர மாட்டார்கள். ஊர் மாறினால் பாதி நாள் போச்சு. ஆறு ஊர் என்றால் இரண்டரை நாள் பெட்டி இழுப்பதிலேயே போய்விடும்.

சொன்னால் கேட்கவில்லை. பந்தயம் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொரு பெட்டி. காத்தோங், கேலாங் இரண்டிலும் கோயிலைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குத் தேக்கா சந்தையில் சாப்பிட உட்கார்ந்தால் ஆறு ஊர். முடியாவிட்டால் இரண்டு. டாக்சி கிடையாது. பெட்டியை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது, ஐரோப்பாவில் விட்டால் காணாமல் போகும்.

எந்த ஊர் என்பது எனக்குப் பெரிதில்லை. தனியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். அம்மா போனதிலிருந்து எல்லாமே தனியாகத்தான் நடக்கிறது.

ரெட்ஹில் ஸ்டேஷனில் கலாவின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். காலி. திட்டினேன். "ஒத்திகைதான லா, முதுக ஒடச்சிக்கணுமா?" என்றாள்.

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாற லிப்டுக்கு வரிசை. சக்கர நாற்காலிகள், குழந்தை வண்டிகள், அப்புறம் நாங்கள். மரீன் பரேடில் இறங்கி, வெயிலில் இழுத்துக்கொண்டு சிலோன் ரோடு பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. நானும் கலாவும் உள்ளே போனோம். மும்தாஜ் வெளியே மூன்று பெட்டிகளோடு நின்றாள். நாங்கள் திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை. "பாரிஸ்லயும் நான்தான் காவலா?" என்று கேட்டாள். மூன்று பேர் போனால் ஒருத்தி பெட்டியோடு நிற்கத்தான் வேண்டும்.

அப்புறம் காத்தோங் வந்தால் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கலா ஒரு வரிசையில் போய் நின்றாள். மும்தாஜுக்காக ஹலால் கடை வேறு தேட வேண்டியிருந்தது. மணி பதினொன்றைத் தாண்டியது. முதல் பஸ்ஸில் மூன்று பெட்டிகளுக்கு இடமில்லை. கேலாங் சிவன் கோயிலுக்குப் போனபோது உச்சிப் பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தது. கலா சாத்திய கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பார்த்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். மகள் கூப்பிட்டாள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மும்தாஜ் கிளம்பினாள். கலாவுக்கு முழங்கால் வலி. டாக்சியை நிறுத்தி இரண்டு பேரும் ஏறினார்கள்.

"வர்றியா, இல்ல கெடந்து இழுக்கிறியா?" என்றாள் கலா.

இழுக்கிறேன் என்றேன்.

தேக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. பந்தயத்தில் ஜெயித்தது நான்தான். சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வார விடுமுறையில் வந்த வெளிநாட்டு ஊழியர்கள் கும்பல் கும்பலாக, பேச ஆள் இருக்கிற மகிழ்ச்சியோடு நின்றார்கள். பெட்டிச் சக்கரம் எத்தனை பேர் காலில் ஏறியதோ. பிரியாணி வாங்கி உட்கார்ந்தேன். எதிரே ஒரு பெரியவர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஊருக்கா?"

"இல்லண்ணே, புக்கிட் மேராவுக்கு."

என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. விதி விதிதான் என்று பெட்டியையும் இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அதை எதுக்கும்மா இழுத்துக்கிட்டு? வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவருடைய கிளாஸ் காலியாகியிருந்தது. ஆனாலும் பெட்டிக் கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நன்றி சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அரிசியை டப்பாவில் கொட்டும்போது கலா போன் செய்தாள். "நீ சொன்னது சரிதான், பெட்டியோட ரயில் மாற முடியாது. அதான் நாங்க ரெண்டு பேரும் டூர் பேக்கேஜ்ல பணம் கட்டிட்டோம். கோச் பஸ்ல போறோம். பெட்டிய அவங்களே தூக்குவாங்க. ஒம்பது நாள், ஆறு நாடு. நீயும் வாயேன்." அறை இரண்டு பேருக்குத்தானே என்றேன். உனக்குத் தனி அறை எடுக்கலாம் என்றாள்.

அதற்குத் தனியாகவே போகலாம். வியன்னா நான்கு இரவு, பிராக் மூன்று இரவு. நடுவில் ஒரே ஒரு ரயில். அன்றிரவே டிக்கெட் போட்டேன். திட்டம் சரியாக வந்திருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். வியன்னா ஸ்டேஷனில் கழிப்பறைக்குப் போகும்போது பெட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.