எறும்பு ஏறாத ரத்தம்

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கற்பனை செய்து பயமுறுத்த வேண்டும் என்றால் எனக்கு வேறு நல்ல கதைகள் தெரியும். இது அப்படி இல்லை. இதை நினைத்தால் எனக்குப் பயம்கூடப் பிறகுதான் வருகிறது. முதலில் குமட்டுகிறது.

டிவி தொடர்களுக்கு ரத்தம் காய்ச்சிக் கொடுப்பது என் தொழில். சர்க்கரைப் பாகு, சோள மாவு, சிவப்புச் சாயம். உறைந்த ரத்தம் வேண்டுமென்றால் கொஞ்சம் கோகோ பவுடர். வாய்க்குள் போனாலும் ஒன்றும் செய்யாது. செட்டில் என் பெயர் ரத்தம்மா. நான் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாலே லைட்மேன் ஆரம்பித்துவிடுவார். “ரத்தம்மா வந்தாச்சு. இன்னிக்கு யார் போறாங்களோ.”

எனக்கு ஒரே எதிரி எறும்பு. கதவைச் சாத்திய தளத்துக்குள்ளும் எங்கிருந்தோ வரிசை கட்டி வந்துவிடும். குத்துப்பட்டுச் செத்துக் கிடந்த வில்லன் ஷாட்டுக்கு நடுவே எழுந்து சொறிந்துகொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கேனை எப்போதும் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில்தான் வைப்பேன்.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் தொடர். ஆனால் மந்திரம், மாயம் எதுவும் கிடையாது. ஒரு டாக்டர், ஒரு போலீஸ்காரி, ஒரு ஆராய்ச்சிக்காரி. ரத்தப் பரிசோதனை செய்து காட்டேரியைக் கண்டுபிடிப்பார்கள். புற ஊதா விளக்கை அடித்துப் பிடிப்பார்கள். “எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கணும்மா. இது மூடநம்பிக்கைக் கதை கிடையாது” என்பார் டைரக்டர். ஆலோசனைக்கு ஓய்வுபெற்ற ஒரு ரத்தப் பரிசோதனை டாக்டரையே செட்டில் உட்கார வைத்திருந்தார். டைரக்டரின் பிடிவாதத்தால் செட்டில் இருந்த மைக்ரோஸ்கோப்கூட நிஜமானது.

எனக்கு உதவியாள் என் மருமகள். மகன் கப்பல் வேலையில் இருந்தான். எந்தத் துறைமுகத்திலிருந்து போன் செய்தாலும் கடைசியில் ஒரே பேச்சுதான். “அவளைப் பாத்துக்கோம்மா.” பார்த்துக்கொண்டேன். எனக்கு என்று வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான்.

“உங்க பையன் கப்பல்ல மீன் நாத்தம் தாங்கலைன்னு புலம்புறார், அத்தை. நான் இங்க தினம் ரத்தத்துல குளிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?”

“இப்ப சொல்லிட்டியே.”

இப்படித்தான் எங்கள் பேச்சு இருக்கும்.

அன்று எடுக்க வேண்டியது ஒரு சின்ன ஷாட். கட்டிலில் மயங்கிக் கிடக்கும் ஆராய்ச்சிக்காரியின் மணிக்கட்டில் காட்டேரி வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். ஆராய்ச்சிக்காரியாக நடிக்கும் கதாநாயகி முடியாது என்றுவிட்டாள். “அவன் எச்சில் என் கையில படணுமா? சீ.” சரி, கை மட்டும்தானே தெரியப்போகிறது என்று என் மருமகளைப் படுக்கச் சொன்னார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

காட்டேரியாக நடிக்கிறவர் கழுத்து வீங்கி வீட்டில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக ஒருவர் என் மேஜை எதிரில் வந்து உட்கார்ந்தார். மேனேஜர் அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பட்டப்பகல். மூன்று மணி இருக்கும். ஆனால் அந்தத் தளத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே எப்போதும் ராத்திரிதான்.

கோரைப்பல்லை வெந்நீரில் போட்டு இளக்கி, நடிகர் வாயில் வைத்து அமுக்க வேண்டும். அப்போதுதான் அவர் பல்லின் அச்சில் படியும். ஆயிரம் வாயில் கை விட்டவள் நான். வெற்றிலை வாய், சிகரெட் வாய், சொத்தைப்பல் வாய், எதற்கும் முகம் சுளித்ததில்லை.

“வாயைத் திறங்க தம்பி.”

திறந்தார்.

பூச்சாடியில் நாள்கணக்காக மாற்றாத தண்ணீர்... அந்த வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு விரலை உள்ளே விட்டு, கோரைப்பல்லை வைத்து அமுக்கினேன். எச்சில் இல்லை. ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. நாக்கு சில்லென்று, கெட்டியாக... ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த ஈரலைத் தொடுகிற மாதிரி. அது என் விரல் பக்கம் தானாக நகர்ந்து வந்தது.

வெடுக்கென்று கையை இழுத்தேன். எங்கேயோ கீறிவிட்டது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம்.

“பல்லு பட்டுடுச்சா?” என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டேரியாக நடிக்க வருகிற யாராக இருந்தாலும், “இந்த ரத்தம் என்ன டேஸ்ட்டா இருக்கும்?” என்று என்னைக் கேட்பார்கள். கேட்காத ஆளே கிடையாது. இவர் கேட்கவில்லை.

மருமகளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். மணிக்கட்டில் ரப்பர் தோல் ஒட்டினேன். அதன் அடியில் மெல்லிய டியூப். டியூப் அவள் கையை ஒட்டியே போய், கட்டிலுக்குக் கீழே இறங்கும். கீழே நான் பாகு நிரப்பிய ரப்பர் பம்ப்போடு உட்கார்ந்திருப்பேன். டியூபில் ஒரு கிளிப் உண்டு. ஷாட் ஆரம்பித்ததும் கிளிப்பைத் திறந்துவிட்டு பம்பை அமுக்க வேண்டும். அவர் வாய் வைக்கும் இடத்தில் ரத்தம் வரும்.

“கீழ தூங்கிடாதீங்க அத்தை.”

“நீ மேல குறட்டை விடாத.”

தண்ணீர்த் தட்டோடு கேனையும் வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். விரிப்பு நாலு பக்கமும் தொங்கியது. கீழே ஒரு சாண் இடைவெளியில் தரை மட்டும் தெரிந்தது.

“ஸ்டார்ட்... ஆக்‌ஷன்.”

கால்கள் வந்தன. செருப்பில்லாத கால்கள். கட்டிலை ஒட்டி நின்றன.

அப்போது எறும்பு வரிசையைப் பார்த்தேன். சுவரோரத்திலிருந்து நேராக என் கேனைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வழியில் அந்தக் கால்கள்.

வரிசை நின்றது.

பிறகு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி இந்தப் பக்கம், ஒரு பாதி அந்தப் பக்கம். நடுவில் அந்தக் கால்களுக்கு ஒரு பெரிய வட்டம் விட்டு... சுற்றிக்கொண்டு போயின. தரையில் ஏதோ விஷம் கிடக்கிற மாதிரி.

நெருப்பைக்கூட எறும்பு அவ்வளவு தள்ளிச் சுற்றிப் போய் நான் பார்த்ததில்லை.

மேலே சத்தம் ஆரம்பித்தது.

க்ளக்.

க்ளக்... க்ளக்.

நான் பம்பை அமுக்கினேன். கண் எறும்பின் மேலேயே இருந்தது.

“சூப்பர். அப்படியே. இன்னும் வழியட்டும்” என்றார் டைரக்டர். மானிட்டர் முன்னால் யாரோ, “உவ்வே” என்றார்கள்.

க்ளக்... க்ளக்... க்ளக்...

“கட்.”

சத்தம் நிற்கவில்லை.

“கட்டு சார். போதும்.”

க்ளக்...

“யோவ், கட்டுன்னு சொன்னேன்ல.”

நின்றது.

கால்கள் அவசரமே இல்லாமல் திரும்பிப் போயின.

வெளியே வர, கையை ஊன்றினேன். பம்ப் கையில் கனத்தது.

நிரம்பியே இருந்தது.

கிளிப்பைப் பார்த்தேன்.

நான் அதைத் திறக்கவே இல்லை.

எத்தனையோ வருஷத் தொழிலில் ஒருநாளும் செய்யாத தவறு. எறும்பைப் பார்த்துக்கொண்டே மறந்திருக்கிறேன். ஒரு சொட்டுப் பாகுகூட மேலே போகவில்லை.

அப்படியென்றால் மேலே வழிந்தது?

எழுந்து பார்த்தேன். விரிப்பெல்லாம் சிவப்பு. தலையணை ஓரம்வரை. அதில் ஒரு எறும்பு இல்லை. நாலைந்து ஈக்கள் உட்கார்ந்திருந்தன. ஏசி போட்டு அடைத்த தளம் அது. அங்கே நான் ஈயைக் கண்டதே கிடையாது.

“ஏம்மா, வலிச்சுதா?”

“இல்ல அத்தை.” கையைத் தூக்கிப் பார்த்தாள். “பாகைச் சூடு பண்ணீங்களா?”

“இல்லையே.”

“சூடா இருந்துச்சே. கைக்குள்ள என்னமோ ஓடுற மாதிரி...”

ரப்பர் தோலை உரித்தேன். டியூபின் வாய் காய்ந்து கிடந்தது. ரப்பரில் ஒரு கிழிசல். அதற்கு நேர் கீழே அவள் மணிக்கட்டில் ஒரு தடம். நான் அவர் வாயில் பொருத்தியது இரண்டு கோரைப்பல். தடம் முக்கோணமாக இருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

“அட்டை கடிச்ச மாதிரி இருக்கே. அட்டைக்குத்தான் மூணு தாடை.”

“இங்க ஏது டாக்டர் அட்டை?”

“அதான் யோசிக்கிறேன்.”

விரிப்பில் இருந்ததை ஒரு குச்சியால் தொட்டு, கண்ணாடித் துண்டில் தடவி, செட்டில் இருந்த மைக்ரோஸ்கோப்பிலேயே வைத்துப் பார்த்தார். டைரக்டருக்கு உற்சாகம். “டாக்டர், இதையே ஷூட் பண்ணலாமா?” டாக்டர் காதில் வாங்கவில்லை. வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை.

“இது நிஜ ரத்தம்மா.”

“என் மருமகளோடதா?”

“கட்டி கட்டியாச் சேர்ந்து கிடக்கு. ஒரே ஆளோட ரத்தம் இப்படிச் சேராது. வேற வேற ஆளுங்க ரத்தம் கலந்தாத்தான்...”

“எத்தனை பேரு?”

அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். “சிலது ரொம்பப் பழசும்மா” என்றார்.

மேனேஜரைத் தேடிப் போனேன். “எங்க அந்த ஆளு?”

“எந்த ஆளு? காட்டேரியா? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க? உங்க மேஜையில உக்காந்திருந்தாரேன்னு நான் பேர்கூடக் கேக்கல.”

வாட்ச்மேனும் யாரும் வெளியே போகவில்லை என்றார். கோரைப்பல் மட்டும் கட்டில் ஓரத்தில் கிடந்தது. சுத்தமாக. காய்ந்து.

மருமகளை அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். கொஞ்சம்கூட ரத்தம் குறையவில்லை என்றார்கள். வெளியே வந்து நான் அழுதேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?” நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தேன்.

அது அத்தோடு போயிருக்கும்.

ஒரு வாரம் கழித்து எடிட்டர் கூப்பிட்டார். “ரத்தம்மா, தனியா வாங்க. ஒண்ணு காட்டணும்.”

அந்த ஷாட்டை மெதுவாக ஓட்டினார். திரை முழுக்க வாயும் கழுத்தும்.

“தொண்டையைப் பாருங்க.”

பார்த்தேன்.

“தண்ணி குடிச்சா தொண்டை எப்படிப் போகும்? மேலேர்ந்து கீழ.”

“ஆமா.”

“இது கீழேர்ந்து மேல வருதும்மா.”

க்ளக். அடித்தொண்டையிலிருந்து ஒரு கட்டி மேலேறி வந்தது. க்ளக். இன்னொன்று. ஒவ்வொன்றாக ஏறி, வாய்க்கு வந்து, அவள் கைக்குள்... மீந்தது விரிப்பில் வழிந்தது.

உறிஞ்சவில்லை.

கக்கியிருக்கிறது.

நான் அங்கேயே குப்பைக்கூடையை இழுத்து வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால், சமையலறையில் சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது. மருமகள் எப்போதும் மூட மறப்பாள். எப்போதும் எறும்பு மொய்க்கும். எப்போதும் நான் கத்துவேன். மேஜையிலும் தரையிலும் சர்க்கரை சிந்தியிருந்தது. வரிசை சுவரில் போய்க்கொண்டிருந்தது. அவள் தொட்ட எதன் பக்கமும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் கையால் என்னால் எதுவும் குடிக்க முடியவில்லை. மனசு அவளைக் கட்டிக்கொள்கிறது, வயிறு புரட்டுகிறது. காலையில் காபி நீட்டுவாள். “வச்சிட்டுப் போ” என்பேன். அவள் அந்தப் பக்கம் போனதும் தொட்டியில் ஊற்றிவிடுவேன். நேற்று அதைப் பார்த்துவிட்டாள்.

“என் கையால குடிக்க என்ன அத்தை?”

நான் காலி டம்ளரைத் தேய்த்துக் கழுவினேன்.

“நான் என்ன தப்புப் பண்ணேன்?”

அப்படிக் கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலை பின்வாசலில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். வலது கை விரலில் கொஞ்சம் சிந்திவிட்டது. ஆள்காட்டி விரல். அன்றைக்குக் கீறிய விரல்.

கழுவப் போனவள் நின்றேன்.

கையைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வரிசை வந்தது...

என் விரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

இரண்டாகப் பிரிந்தது.

சுற்றிக்கொண்டு போனது.

நான் எழுந்து கையைக் கழுவினேன். உள்ளே போனேன். அடுப்படியில் மருமகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“காபி குடும்மா” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கலந்து நீட்டினாள். முழுவதும் குடித்தேன்.

“சர்க்கரை போட்டியா?”

“ரெண்டு ஸ்பூன் போட்டேனே அத்தை.”

எனக்குத் தித்திக்கவே இல்லை.