குப்புறப் போட்ட பலகை

தவளக்குப்பத்தில் அக்கா கரும்புச்சாறு கடை வைத்திருந்தாள். ஒருநாள் அவள் வலது கை மெஷினில் சிக்கியது. கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது. கட்டு பிரித்த பிறகும் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

முன்பெல்லாம் செல்போனில் விமானம் சுடும் ஆட்டத்தில் என்னைத் தினமும் தோற்கடிப்பாள். அதனால் அவளுக்காக, மேசைமேல் வைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றை நானே செய்தேன். பழைய மானிட்டரை பேரிங்கில் பொருத்தி, கார் ஆட்டத்துக்குப் படுக்கையாகவும் விமான ஆட்டத்துக்கு நெடுக்காகவும் திருப்பும்படி வைத்தேன். திரையைச் சுழல வைக்கவே இரண்டு மாதம் ஓடிவிட்டது. பெட்டி முழுக்க, பட்டன் பலகைக்கும் சேர்த்து, பளபளப்பான சிவப்பு மைக்கா ஷீட் ஒட்டினேன்.

அக்கா இடது கையால் திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சூப்பரா கீதுடா" என்றாள். பிறகு வலது கையைப் பலகைமேல் வைத்தாள். ஆறு பட்டன்களும் அந்தப் பக்கம்தான் இருந்தன; ஜாய்ஸ்டிக் குச்சி இடது பக்கம். எல்லாவற்றையும் என் கையை வைத்தே அளந்திருக்கிறேன். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இன்னாடா முழிக்கிற? பலகையக் கழட்டிக் குப்புறப் போடு. பட்டன் எடது பக்கம் வந்துடும். குச்சிய நான் மணிக்கட்டால தள்ளிக்கிறேன்."

அப்படியே மாற்றி மாட்டினோம். அன்றைக்கே என்னை மூன்று முறை தோற்கடித்தாள்.

பலகைக்கு மட்டும் ஏன் மைக்கா ஒட்டவில்லை என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். ஒட்டியது உள்பக்கம் இருக்கிறது. வெளியே வெறும் பிளைவுட்தான். அதில் அக்காவின் மணிக்கட்டு உரசும் இடம் மட்டும் வழவழப்பாகிவிட்டது. அதை மூட எனக்கு மனம் வரவில்லை.