சங்கவ்வாவின் இடப்பக்கம்

சங்கவ்வா சாப்பிடும்போது பாதியில் நிறுத்தித் தட்டைத் திருப்புவாள். வலக்கை விரலால் விளிம்பைத் தள்ளி அரைச் சுற்று. பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவாள். பல வருடங்களாகப் பார்க்கிறேன், ஒரு வேளையும் தவறியதில்லை. ஒருமுறை அவளுடைய சம்பந்தி வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் இதைக் கவனித்துவிட்டு, ஏதோ அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பழக்கம் என்று நினைத்துப் பயபக்தியோடு தன் தட்டையும் திருப்பிக்கொண்டாள். சங்கவ்வாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"திருப்பும்மா, திருப்பு. உனக்கும் ஒரு கத்திரிக்காய் கெடைக்கும்" என்றாள்.

அந்தக் கத்திரிக்காய்க்கு ஒரு கதை உண்டு.

எங்கள் ஊர் பெடகேரியில் சங்கவ்வாவின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. புருஷன் மல்லப்பா மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சங்கவ்வா சோள ரொட்டி தட்டிக் கடைகளுக்குக் கொடுப்பாள். நான் காலேஜில் சேர்ந்த வருடம், பனசங்கரி அம்மன் தேர் பார்த்துவிட்டு மகன் பரமேஷியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். அந்தி நேரம். கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்த கட்டு ஒன்று ரோட்டில் கிடந்தது. பரமேஷிக்கு முழங்கை சிராய்ந்தது. சங்கவ்வாவுக்குத் தலையின் வலப்பக்கம் அடிபட்டது.

ஹூப்ளி ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து மூடினார்கள். மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தபோது பேச்சு சரியாக இருந்தது, ஆளை அடையாளம் தெரிந்தது. இடக்கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. எல்லாரும் சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் வேறொன்று தெரிந்தது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குப் போய்விட்டிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை, இடப்பக்கத்தைக் கவனிக்கிற மூளைப் பகுதிதான் அடிபட்டிருக்கிறது என்று டாக்டர் பரமேஷியிடம் சொல்லியிருந்தார். பரமேஷி அதை எங்களிடம் சொன்னான். கேட்டுக்கொண்டோம். யாருக்கும் விளங்கவில்லை.

தலையில் வலது பாதிக்கு மட்டும் எண்ணெய் வைத்துக்கொள்வாள். வாசலில் இடது நிலையில் இடித்துக்கொண்டு, யார் தள்ளியது என்று திட்டுவாள். சாப்பாட்டில்தான் தினமும் சண்டை.

"ஏன்டி சுமித்ரா, எல்லாருக்கும் கத்திரிக்காய் வைக்கிறே. எனக்கு மட்டும் வெறும் ரொட்டியா? மண்டை உடைஞ்சா நாக்குமா செத்துப் போகும்?"

மருமகள் சுமித்ரா அழுவாள். கத்திரிக்காய் தட்டின் இடது பாதியில் அப்படியே இருக்கும். "அங்கதானே அத்தே இருக்கு" என்றால், "எங்கடி இருக்கு, என்னைப் பைத்தியம் ஆக்கறியா" என்று இன்னும் கோபம் வரும்.

ஒரு நாள் மல்லப்பா, பெண்டாட்டி வைத்த மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். தட்டு சுழன்றது. சங்கவ்வா கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"எது?"

"கத்திரிக்காய்."

"அங்கேயேதான் இருந்துச்சு" என்றார் மல்லப்பா.

அவள் நெடுநேரம் அந்தக் கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு சுமித்ராவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "உப்பு கம்மி" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வேளையிலிருந்து தட்டைத் திருப்ப ஆரம்பித்தாள்.

நான் பரீட்சையில் ஒருமுறை தோற்றால் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிற ஆள். கண்ணுக்கு முன்னால் இருப்பதே தெரியாமல் போனதை ஒரு மனுஷி எப்படி ஒப்புக்கொண்டாள், ஒப்புக்கொண்ட பிறகு எப்படித் தூங்கினாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மற்ற வீட்டுப் பெண்கள் வந்து ரொட்டி தட்டிக் கொடுப்பார்கள். இதற்கு முய்யி என்று பெயர். மொய் மாதிரிதான், ஆனால் காசு செல்லாது. தட்டிக்கொடுத்த வீட்டில் கல்யாணம் வரும்போது நாமும் போய் உட்கார்ந்து தட்டித்தான் தீர்க்க வேண்டும். தீர்க்காதவளைப் பெண்கள் வரிசையில் சேர்க்க மாட்டார்கள்.

சங்கவ்வாவின் மகள் ரேணுகாவுக்கு விபத்துக்கு முன்பே நாள் குறித்தாகிவிட்டது. சங்கவ்வா கட்டிலில் கிடக்க, சுமித்ரா பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்க, தெருவே திரண்டு வந்து அவள் முற்றத்தில் ரொட்டி தட்டியது. என் அம்மா கஸ்தூரவ்வா, மூன்றாம் வீட்டு நீலவ்வா, எல்லாரும். சத்தத்தை மட்டும் கேட்டே சங்கவ்வா உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்: "இது கஸ்தூரி கை. இது நீலி, அவசரக்காரி, ஓரத்தை விட்டுடுவா." நீலவ்வா வெளியே இருந்து, "படுத்துக்கிட்டே குத்தம் கண்டுபிடிக்கிற ஒரே பொம்பளை நீதான் அக்கா" என்றாள்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. தெரு முழுக்கக் கடன் நின்றது.

தலைமுடி கொஞ்சம் வளர்ந்ததும் சங்கவ்வா மரப்பலகையை எடுத்துப் போட்டாள். சோள ரொட்டியை உருட்டித் தேய்ப்பதில்லை. மாவை உள்ளங்கையால் தட்டத் தட்ட ரொட்டி தானாகச் சுழன்று விரியும். சுழற்றுவது இடக்கையின் வேலை. அவள் இடக்கை சும்மா கிடந்தது. ரொட்டி சுழலவில்லை. வலது பாதி காகிதம்போல விரிந்தது, இடது பாதி அடைபோலத் தடித்து நின்றது. அவள் கண்ணுக்கு அது முழு ரொட்டி.

நீலவ்வா எட்டிப் பார்த்தாள். "இதென்னக்கா, பஞ்சமி நிலாவா? மிச்சத்தை எப்போ காட்டுவே?"

சங்கவ்வா மாவுருண்டையை எடுத்து அவள்மேல் எறிந்தாள். நீலவ்வா நின்றது இடப்பக்கம். உருண்டை வலப்பக்கம் படுத்திருந்த நாயின்மேல் விழுந்தது. நாய் அதைத் தின்றுவிட்டுப் போயிற்று. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சங்கவ்வா சிரிக்கவில்லை.

அந்த வாரமே இடக்கை தவாவில் பட்டு வெந்துபோனது. தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சுமித்ரா தவாவை ஒளித்துவைத்தாள். சங்கவ்வா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. தலைவலி என்பாள், அசதி என்பாள். அது பொய்யும் இல்லை. கொஞ்ச நேரம் பேசினாலே களைத்துப்போகிற தலை அது.

அவளை எழுப்பியது நீலவ்வாவின் குங்குமம்தான்.

நீலவ்வா தன் மகன் கல்யாணத்துக்கு ரொட்டி தட்ட அழைக்க வந்தாள். தட்ட வரப்போகிறவளுக்குத்தான் குங்குமம் வைப்பது வழக்கம். அவள் சுமித்ராவின் நெற்றியில் வைத்தாள். கட்டிலைப் பார்த்து, "நீயும் சும்மா வந்து உக்காந்திரு அக்கா. வேடிக்கை பார்த்தா பொழுது போகும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

அவள் போன பிறகு சங்கவ்வா எழுந்து உட்கார்ந்தாள்.

"சும்மாவாம்" என்றாள்.

"விடுங்க அத்தே. நான் போய்த் தட்டிட்டு வரேன். வீட்டுக் கடனை யார் தீர்த்தா என்ன?"

"ரேணுகா கல்யாணத்தப்போ நீ பிரசவத்துக்கு அம்மா வீட்டுல இருந்தே. அவங்க தட்டினது எனக்கு. உனக்கு எங்கிருந்து வந்துச்சு கடன்? தவாவை எடு."

"மாட்டேன்."

"சரி, வச்சுக்கோ. நீயே சுடு. நான் தட்டறேன். நெருப்புப் பக்கமே வரலே, போதுமா?"

அன்றையிலிருந்து மாமியார் தட்ட, மருமகள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து சுட்டாள். நான் எதிர்த் திண்ணையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். தட்டைத் திருப்புவதுபோலப் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். திருப்பும்போது தாளம் விட்டுப்போகும், மாவு ஓரத்தில் பிளக்கும். எடுத்து உருட்டி மறுபடி தட்டுவாள். களைத்ததும் படுப்பாள். எழுந்து மறுபடி தட்டுவாள். கெட்டுப்போன ரொட்டிகளை நாங்கள் இரண்டு வீட்டுக்காரர்களும் தின்று தீர்த்தோம். "இந்தத் தெரு நாய்க்கும் சோளம் அலுத்துப்போச்சு" என்று மல்லப்பா புலம்பினார்.

பிறகு ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். தடித்த இடத்தில் கை விழுந்தால் சத்தம் மந்தமாக வரும், மெலிந்த இடத்தில் பளிச்சென்று வரும். எங்கே மந்தமோ அதுதான் தன்னுடைய இடப்பக்கம் என்று கண்டுகொண்டாள். அன்றைக்கு ஒரே சீராக விரிந்த ரொட்டி ஒன்று தவாவில் முழுதாக உப்பியது. சுமித்ரா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அவள் உட்கார்ந்து பழகிய இடத்தில் இடப்பக்கம் சுவர். முற்றத்து நடுவில் பலகை போட்டால் எல்லாம் குழம்பியது. சுவர் இருந்தால், அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

ரொட்டி நாள் வந்தது. நீலவ்வா முற்றத்தில் அடுப்புகள் வரிசையாக எரிந்தன. சங்கவ்வா பலகையைத் தூக்கிக்கொண்டு, இடது தோளை என் கையில் பிடிக்கக் கொடுத்து, நேராகப் போய் முதல் அடுப்பில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு அடுப்புக்குத்தான் இடப்பக்கம் சுவர். ஆனால் முதல் அடுப்பு மாப்பிள்ளையின் அத்தைக்கு உரியது. எங்கள் பக்கத்தில் அதில் வேறொருத்தி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தை பாரவ்வா ரோண் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"யாரு இது, என் அடுப்புல?"

முற்றத்தில் தட்டுகிற சத்தம் நின்றது.

"அக்கா, எழுந்திரு" என்றாள் நீலவ்வா மெதுவாக. "தெரிஞ்சே பண்றியா? நடுவுல இடம் இருக்கு."

"நடுவுல உக்காந்தா பாதி ரொட்டிதான் வரும். உன் மகன் கல்யாணத்துக்குப் பாதி ரொட்டி போடணுமா?"

"உன்னை யாரு தட்டச் சொன்னா? சுமித்ராவுக்குத்தானே குங்குமம் வச்சேன்."

"அதான் தப்பு. கடன்காரி நான், குங்குமம் அவளுக்கு." சங்கவ்வா பாரவ்வாவை அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, உங்க மரியாதையை நான் திங்க வரலே. எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது. இந்தச் சுவர்தான் என் இடது கை. ஒரு ரொட்டி தட்டறேன். முழுசா உப்பலேன்னா நானே எழுந்து போயிடறேன். அப்புறம் இந்தத் தெருவுல பலகையைத் தொட மாட்டேன்."

அவள் சொன்னால் செய்துவிடுகிறவள்.

தட்டினாள். எல்லாரும் பார்ப்பதால் கண்ணை மூட மறந்துவிட்டாள். சுமித்ரா அதைத் தவாவில் போட்டாள். ரொட்டி ஒரு பக்கம் குமிழியாக எழுந்தது. மறுபக்கம் அப்படியே கிடந்தது.

சங்கவ்வா எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள்.

"உக்காரு" என்றாள் பாரவ்வா. "முதல் ரொட்டி எவளுக்கும் சரியா வராது. அது அக்கினிக்கு. ரெண்டாவதைத் தட்டு."

சங்கவ்வா கண்ணை மூடினாள். தட்டினாள், நிறுத்தினாள், பலகையை அரைச் சுற்றுத் திருப்பினாள், மறுபடி தட்டினாள். மற்றவர்கள் தட்டுவதைவிட மெதுவான, நடுவில் ஒரு மூச்சு விட்ட தாளம். தவாவில் விழுந்த ரொட்டி ஓரத்தில் எழுந்து, நடுவுக்கு வந்து, மெல்ல மெல்ல மொத்தமாக உப்பியது. சுமித்ரா அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கருகுதுடி" என்றாள் நீலவ்வா.

பாரவ்வா சங்கவ்வாவின் வலப்பக்கம், இரண்டாம் அடுப்பில் உட்கார்ந்தாள். "நல்லதாப் போச்சு. அந்த மூலைலதான் புகை எல்லாம் சேரும். கல்யாணத்துக்குக் கல்யாணம் அங்க உக்காந்து என் கண்ணு போச்சு" என்றாள்.

நீலவ்வா குங்குமச் சிமிழை எடுத்துவந்து சங்கவ்வாவின் நெற்றியில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். "பஞ்சமி முடிஞ்சு பௌர்ணமி வந்துடுச்சு போல" என்றாள். சங்கவ்வா இந்த முறை சிரித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இப்போதும் இடது நிலையில் இடித்துக்கொள்கிறாள். மாத்திரையைத் தவறவிட்டால் வலிப்பு வருகிறது. சில நாள் காரணமில்லாமல் அழுது, அழுததற்காகக் கோபப்படுகிறாள். அழுத மறுநாளும் காலையில் பலகைச் சத்தம் கேட்கும். மெதுவாக, நடுவில் ஒரு மூச்சு விட்டு. வீடு வீடாகப் போய், இடப்பக்கச் சுவர் பார்த்து உட்கார்ந்து, முய்யி ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டாள். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் இப்போது முதல் அடுப்புக்கு வாதாடுவதில்லை.

பாக்கி இருப்பது ஒரு வீடு. எங்கள் வீடு. என் அம்மாவுக்கு நான் ஒரே பெண். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், இன்னும் வேலை தேடுகிறவள், கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறவள்.

"ஏ சுவர்ணா, எப்போடி உங்க வீட்டுல அடுப்பு மூட்டறது?" என்பாள் சங்கவ்வா.

"வேலை கெடச்சா விருந்து வைக்கிறேன். அதுல வந்து தட்டித் தீர்த்துக்கோங்க."

"வேலை கெடச்சா பேடா வாங்கிக் குடு. முய்யி கல்யாணத்துக்குத்தான்."

"நான் பண்ணிக்கவே இல்லேன்னா?"

"பண்ணிக்காதே. அது உன் இஷ்டம். ஆனா என் கை தயாரா இருக்கும்."

போன மாதம் எங்கள் முற்றத்துக்கு வந்து, சுவரைத் தடவிப் பார்த்து, ஓரிடத்தைக் காலால் தட்டினாள். "இங்கதான் உக்காருவேன். இந்தத் தண்ணி டிரம்மை எடுக்கணும்" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் டிரம்மைப் பார்த்தேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.