சக்கரம் இல்லாத மெஷினுக்கு ஒரு பொட்டு

என் மகளின் கல்யாணத்துக்குப் போக எனக்கு விசா கிடைக்கவில்லை. ஊரில் என்னைத் திரும்ப இழுக்க ஒன்றும் இல்லையாம். போனால் பிரிஸ்பேனிலேயே தங்கிவிடுவேனாம். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் அங்கே, கரும்பு நிலத்தின் குத்தகையும் முடிந்துவிட்டது என்று கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னதன் பலன். உண்மை சொன்னவன் ஊருக்குப் பொல்லாதவன்.

எங்கள் வீடு ஃபிஜியில், சபேட்டோ என்ற ஊரில். விமானங்கள் கூரையை உரசுகிற மாதிரி தாழ இறங்கும் இடம். பக்கத்து விமான நிலையத்தில்தான் ஓய்வு பெறும்வரை சாமான் ஏற்றும் வேலை பார்த்தேன். முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது என் அண்ணன் குடும்பத்தின் பெட்டிகளை நானே விமானத்தில் ஏற்றினேன். அடுத்த கவிழ்ப்பில் தங்கை குடும்பம். அதற்கும் அடுத்ததில் என் மகன். அவன் பின்னாலேயே படிக்கப் போன மகள். "எல்லாரும் ஏறிட்டா சாமான் ஏத்துறது யாரு?" என்று கேலி பேசிக்கொண்டு நான் நின்றுவிட்டேன். கேலிக்குச் சிரிக்க வீட்டில் ஆள் இருந்த காலம் அது.

விசா இல்லை என்றதும் மகன் ஒரு பொட்டலம் அனுப்பினான். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. கம்ப்யூட்டர் முழுசுமே அதுதானாம். பெட்டியும் இல்லை, மூடியும் இல்லை. எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. கூடவே ஒரு மெமரி கார்டு, சார்ஜர், டிவியில் செருக ஒரு வயர், மவுஸ், சின்னக் கேமரா.

"கார்டுல சிஸ்டம் வெச்சிருக்கேன்பா. டிவில மாட்டி ஆன் பண்ணா அதுவே இன்ஸ்டால் ஆவும். சனிக்கெழம கல்யாணத்த பெரிசா பாக்கலாம். டீக் ஹை?" என்றான் போனில்.

"டீக் ஹை, சரி" என்றேன். என் போன் பட்டன் வைத்த பழைய போன். அதில் குரல் வரும், முகம் வராது. இன்டர்நெட்டுக்குப் பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரரைக் கேட்டேன். "செங்கா நா லெங்கா, ஒன்றும் சிரமமில்லை" என்று தன் வைஃபையைக் கொடுத்தார்.

மாட்டினேன். பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. டிவி கறுப்பாகவே இருந்தது.

சிவப்பு மின்சாரத்துக்கு, பச்சை கார்டைப் படிப்பதற்கு என்று மகன் விளக்கினான். பச்சை விடாமல் சிமிட்டாவிட்டால் கார்டைப் படிக்கவில்லை என்று அர்த்தமாம். சார்ஜரை மாற்றச் சொன்னான், மாற்றினேன். டிவி வயரைக் கழற்றித் திரும்பப் போட்டேன். பிறகு பஸ் ஏறி டவுனுக்குப் போய், கம்ப்யூட்டர் கடையில் கார்டை அழித்துச் சிஸ்டத்தைப் புதிதாக எழுதி வாங்கி வந்தேன். கடையில் கார்டு நன்றாகத் திறந்தது. வீட்டுக்கு வந்தால் அதே சிவப்பு, அதே ஒற்றைச் சிமிட்டல்.

ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை மகன் எப்போதாவதுதான் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, மழை பெய்யுதா, சரி வெக்கிறேன். அந்த வாரம் தினமும் கூப்பிட்டு நெடுநேரம் பேசினான். கல்யாணம் நெருங்கிக்கொண்டே வந்தது, டிவி கறுப்பாகவே இருந்தது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் குளித்துவிட்டு, சட்டை மாற்றி, போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு அலுத்துவிட்டது.

"கார்டு நல்லா இருக்கு. அப்ப கார்டு சொருவுற எடத்துலதான் கோளாறு. அங்க என்னா தெரியுது, பாத்து சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. தகரம் மாரி இருக்கு. கொஞ்சம் மஞ்சா."

"மஞ்சாவா? அங்க ஏது மஞ்சா?"

"நான் வெச்சதுதான்."

அவன் மெதுவாகக் கேட்டான்: "அப்பா, பொட்டா வெச்சீங்க?"

வைக்காமல்? லாரியோ டிராக்டரோ தையல் மெஷினோ, புதிதாக எது வந்தாலும் மஞ்சளும் குங்குமமும் வைக்காமல் எங்கள் வீட்டில் ஓட்டியது கிடையாது. மனைவி இருந்தவரை அவள் வைத்தாள். இப்போது அவளுடைய சிமிழிலிருந்து நான் வைக்கிறேன். நசுக்கச் சக்கரம் இல்லையே என்று எலுமிச்சம்பழத்தை மட்டும்தான் விட்டேன். மகன் தினமும் "வேற என்னா செஞ்சீங்க?" என்று கேட்டபோதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை என்றே சொன்னேன். பொட்டு வைப்பதை ஒரு காரியமாக எண்ணவே எனக்குத் தோன்றவில்லை.

"தண்ணி ஊத்திக் கொழச்சா வெச்சீங்க?"

"பின்ன, எச்சி தொட்டா வெப்பாங்க?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அது உள்ள எறங்கி அடச்சிருக்கு. ஸ்பிரிட் தொட்டு நல்லா தொடச்சி எடுங்கப்பா."

எனக்குச் சுருக்கென்றது. பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். அவள் அம்மாவின் சிமிழிலிருந்து வைத்த குங்குமத்தை இன்றைக்கு என் கையால் அழிப்பதா? அதை அப்படியே சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"தொடைக்காட்டி தங்கச்சி மொகத்த பாக்க முடியாதுப்பா."

பழைய டூத் பிரஷில் ஸ்பிரிட் தொட்டு அந்த இடுக்கைத் தேய்த்தேன். "இதைக் கணக்கில் சேர்க்காதே, நாளைக்கு மறுபடி வைக்கிறேன்" என்று மனைவியின் படத்தைப் பார்த்துச் சொன்னேன். காய்ந்தபின் கார்டைச் செருகினால், பச்சை விளக்கு விடாமல் சிமிட்டியது. டிவியில் எழுத்துகள் ஓடின. எல்லாம் ஏறி முடிந்ததும், எந்த நாடு என்று கேட்டது. தேடிப் பிடித்து ஃபிஜியைக் காட்டினேன். உடனே ஒப்புக்கொண்டது. அங்கே இருக்க உனக்கு என்ன காரணம் என்று அது கேட்கவில்லை.

சனிக்கிழமை என் மகள் டிவி நிறைய வந்தாள். தாலி கட்டியதும் மகன் போனை அவள் முன்னால் தாழ்த்திப் பிடித்தான். "அப்பா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று குனிந்தாள். சிமிழ் என் கையில் தயாராக இருந்தது. டிவிக் கண்ணாடியில் அவள் நெற்றி இருந்த இடத்தில் பொட்டு வைத்தேன். தண்ணீரில் குழைத்துத்தான் வைத்தேன்; இல்லாவிட்டால் ஒட்டாது. அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவர்களைப் பந்திக்குக் கூப்பிட்டார்கள், படம் நின்றது.

கம்ப்யூட்டர் இப்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அதனால் மகன் பழையபடி எப்போதாவதுதான் கூப்பிடுகிறான். கண்ணாடியில் வைத்ததை நான் துடைக்கவில்லை. செய்தி வாசிப்பவர், மழை வருமென்று சொல்பவர், ரக்பி ஆடும் பையன்கள், யார் டிவியில் வந்தாலும் என் மகளின் பொட்டைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு போகிறார்கள்.