பட்டனம்மாவின் முழுப்பெயர்

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் சூப்பர்வைசராக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர் இவர். தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னலே இல்லாத நீளமான அறை. எட்டு துவைக்கும் இயந்திரங்கள், ஐந்து உலர்த்தும் இயந்திரங்கள், நாள் முழுக்க வெந்நீர் ஆவி. அந்த இரைச்சலிலும் இவர் குரல் தனியாகக் கேட்கும். குரலைப் பற்றி இவருக்குக் கர்வம் உண்டு. உச்சரிப்பைப் பற்றி அதைவிடப் பெரிய கர்வம். வீட்டுக்கு வந்த விருந்தாளி யாராவது வாய் தவறி ‘வெளியே மளை பெய்யுது’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. காபி ஆறி அவலாகிற வரைக்கும் நாக்கை எங்கே மடக்குவது என்று வகுப்பு நடக்கும்.

"நாக்கை என்ன வாடகைக்கா எடுத்திருக்கீங்க? சொந்த நாக்குதானே, கொஞ்சம் மடக்குங்களேன்" என்பார். மனைவி உள்ளே நின்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வீராப்பு எல்லாம் ஒரு காகிதத்தின் முன்னால் பொசுக்கென்று அடங்கிவிடும். பதினைந்து வருடத்துக்கு முன்பு தையல் மேஜைக்கு ஒரு போலந்துக்கார அம்மாள் வேலைக்கு வந்தார். வார்டுகளிலிருந்து வரும் அங்கிகளுக்குப் பட்டன் வைப்பது, கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது அவர் வேலை. அங்கே குடும்பப் பெயரைச் சொல்லித்தான் காலையில் வருகை எடுப்பார்கள். முதல் நாள் இவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். பதினான்கு எழுத்துப் பெயர். முதல் நான்கு எழுத்துக்கு இடையில் மூச்சு விடக்கூட ஓர் உயிரெழுத்து கிடையாது. நடுவில் ஓர் எழுத்தின் வயிற்றில் குறுக்குக் கோடு, இன்னொன்றுக்கு வால். அந்தப் பெயரை இங்கே எழுதி அதற்கு இன்னொரு முறை கொடுமை செய்ய வேண்டாம். இவர் தொண்டையைச் செருமினார், நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் கையில் பட்டன் டப்பா இருந்தது.

"பட்டன்!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். அதோடு விஷயம் முடிந்தது. பின்னால் வேலைக்கு வந்தவர்கள் மரியாதைக்கு ஓர் ‘அம்மா’வைச் சேர்த்தார்கள். பதினைந்து வருடமாக அவர் பட்டனம்மா.

இதே மனிதர், தன் நீளமான பெயரை மேனேஜர் பாதியில் வெட்டிக் கூப்பிட்ட அன்று, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அப்பா அம்மா ஆசையா வெச்ச பேரு, இவன் யாரு கத்திரி போட?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதைக் கேட்டவருக்கு பட்டனம்மா ஞாபகம் மட்டும் வரவே இல்லை.

பதினைந்து வருடம் முடித்தவர்களுக்கு ஆண்டு விழாவில் ஒரு சுவர்க்கடிகாரம் தருவார்கள். அந்தந்தப் பிரிவின் சூப்பர்வைசர் மைக்கில் பெயர் வாசிக்க வேண்டும். பெயருக்கு உரியவர் மேடையேறி மேனேஜர் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வருடம் சலவைப் பிரிவுக்கு ஆறு பெயர். நாலாவதாகப் பட்டனம்மாவின் பெயரைப் பார்த்ததும் இவர் பட்டியலைக் கவிழ்த்து வைத்தார். காரணம் இருந்தது. போன வருடம் சமையல் பிரிவு சூப்பர்வைசர் இப்படித்தான் ஒரு பெயரைக் கடித்துத் துப்பினார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அதில் உரக்கச் சிரித்தது இவர்தான். அதற்குப் பிறகு வருடம் பூராவும் அந்த மனிதரை லிஃப்டில் பார்த்தாலும் அந்த உடைந்த பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைத்தார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு தையல் மேஜைக்குப் போனார்.

"அம்மா, உங்க முழுப்பேரை ஒருதடவை சொல்லுங்க. மைக்ல கூப்பிடணும்."

பட்டனம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவே அந்தப் பேரைத்தான் கூப்பிடப் போறீங்களா?"

"பின்னே? மேடையில போய் பட்டன்னா கூப்பிடுவாங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. நிதானமாக மூன்று முறை சொன்னார். துணிக் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் பெயரை நான்கு துண்டாக்கி எழுதியும் கொடுத்தார். ஆரம்பத்தில் சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு நாக்கு எங்கேயோ போய் எதிலோ முட்டித் திரும்பியது. வாயைத் திறந்தால் மானம் போய்விடும் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் பத்து நாளும் கூத்துதான். தமிழில் எழுதிப் பார்த்தார். ஐந்து தடவை எழுதினால் ஐந்து விதமாக வந்தது. குளியலறையில் சொன்னார், மாடிப்படியில் சொன்னார்.

"அப்பா, இது பேரா, வைஃபை பாஸ்வேர்டா?" என்றாள் மகள்.

"சும்மா இருடி. ஒரு மனுஷியோட பேரு அது" என்று அதட்டினார். அதட்டியபோது தன்னைப் பற்றி அவருக்கே நல்ல அபிப்பிராயம் வந்தது. எட்டாம் நாள் சுமாராக வந்தது. ஒன்பதாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது தடங்கலில்லாமல் ஒரு முறை வந்துவிட, மனைவி கை தட்டினாள்.

சனிக்கிழமை மாலை விழா. பட்டனம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். புது நீலச் சட்டை, தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தார். இவர் அவரை வேலை அங்கியில்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. பட்டனம்மாவின் மாமியார். கணவர் இறந்து நான்கு வருடமாகியும் மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருப்பது சலவைப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இவர் மேடையேறினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். முதல் பெயர் கணீரென்று வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. கைதட்டல், கடிகாரம், போட்டோ. நாலாவது பெயரில் கண் விழுந்தது. வாய் திறந்தது. முதல் சத்தத்துக்கு நாக்கு தயாராகிவிட்டது. அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் சமையல் பிரிவு சூப்பர்வைசர் கால் மேல் கால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, இவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

பட்டனம்மா வரிசை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பாதி எழுந்துவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இவர் ஐந்தாவது பெயரை வாசித்தார்.

பாதி எழுந்தவர் அப்படியே ஒரு நொடி நின்றார். பிறகு, உட்காருவதற்கு வசதியாக எழுந்தது போல நாற்காலியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். இவர் ஆறாவதையும் வாசித்துவிட்டுப் பட்டியலை நான்காக மடித்தார். கீழே இறங்கப் போனவரை மேனேஜர் நிறுத்தினார். மேஜையில் ஒரு கடிகாரம் மிச்சம் இருந்தது.

"ஒண்ணு பாக்கி இருக்கே? யாரோடது?"

மைக் அணைக்கப்படவில்லை. கேள்வி அரங்கம் முழுக்கக் கேட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ‘மன்னிக்கணும், விட்டுட்டேன்’ என்று ஒரு வார்த்தை போதும். பெயரைத் தப்பாகச் சொல்லியிருந்தால்கூட அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஓடி வந்திருப்பார். ஆனால் இவர் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"அவங்க இன்னைக்கு வரலை சார்."

கணீரென்ற அதே குரல். ஒரு எழுத்துகூடப் பிசகாத உச்சரிப்பு.

மூன்றாவது வரிசையில் மாமியார் மருமகளின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். மருமகள் அவர் கையைத் தட்டிக்கொடுத்து ஏதோ பதில் சொன்னார். மேடையைப் பார்க்கவில்லை. இவருக்குக் காது மடல்கள் எரிந்தன. சாப்பிடாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனைவியிடம் அதையும் இதையும் சொல்லி மழுப்பிப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை, மைக் சரியில்லை, மேனேஜர் அவசரப்படுத்தினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு துணி மடித்தாள். கடைசியில் சொன்னாள்:

"பேரைத் தப்பா சொல்லியிருந்தா உங்களைப் பாத்துதானே சிரிச்சிருப்பாங்க. அதுக்குப் பயந்து, கண்ணு முன்னாடி உக்காந்திருந்த மனுஷியை இல்லைன்னுட்டீங்களே."

இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வயதுக்கு, கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யவே கூசியது.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், மேனேஜர் அறையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டு தையல் மேஜைக்குப் போனார். பட்டனம்மா எப்போதும் போல சீக்கிரமே வந்து நூல் கோத்துக்கொண்டிருந்தார். இவர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தப்புப் பண்ணிட்டேன்மா. பெரிய தப்பு."

"பரவாயில்லை சார்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"உங்க மாமியார்..."

"அவங்களுக்கு இங்கத்த பாஷை ஒண்ணும் புரியாது. ‘ரெண்டு மணி நேரம் எதுவும் புரியாம உக்காரணுமே’ன்னு வரமாட்டேன்னாங்க. ‘ஒரே ஒரு வார்த்தை புரியும் வாங்க, உங்க வீட்டுப் பேரைக் கூப்பிடுவாங்க, உங்க பிள்ளையோட பேரை’ன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்." நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "என்னாச்சுன்னு கேட்டாங்க. நேரமாயிடுச்சு, எல்லாரையும் கூப்பிட முடியலைன்னு சொல்லிட்டேன். உங்களை நான் விட்டுக்கொடுக்கலை."

இவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும்; கேட்பதற்கு இந்த ஒரு ஆள்தான். நாக்கை மேலண்ணத்துக்குக் கொண்டுபோனார். முதல் சத்தம் வந்தது. இரண்டாவது துண்டில் தடுக்கியது. மறுபடி ஆரம்பித்தார். நெற்றியில் வியர்த்தது.

பட்டனம்மா கையைக் காட்டித் தடுத்தார். பரிவாகத்தான். "வேணாம் சார். கஷ்டப்படாதீங்க. பழைய மாதிரியே கூப்பிடுங்க, போதும்."

கடிகாரப் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த அங்கியை எடுத்தார்.

இவருக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ‘இல்லம்மா, சொல்லியே தீருவேன்’ என்று பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. இனி அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று, தோள் இறங்கி, ஒரு பெருமூச்சே வந்துவிட்டது. அந்த மூச்சு பட்டனம்மாவுக்குக் கேட்டது. ஊசியை ஒரு கணம் நிறுத்தினார், தலை நிமிரவில்லை. மறுபடி தைக்க ஆரம்பித்தார்.