நர்மதா எழுதிவைத்த தேதித் தாள்

என் தங்கை நர்மதா தன் முதல் கணக்கை எட்டு வயதில் எழுதினாள். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த நாட்களில், மறுநாள் காலை தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை அவள் எறிய மாட்டாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். எதற்காக அடித்தார், எதை வைத்து அடித்தார், எத்தனை அடி, எங்கே பட்டது. அந்த வருடம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, அப்பா சோற்றில் கை வைத்தபோது அந்தத் தாள்களை அவர் எதிரே அடுக்கி வைத்தாள்.

"நூத்தி நாப்பத்தோரு நாளு. அம்மாவுக்குப் பல்லு ரெண்டு. அண்ணனுக்கு மண்டைல தையலு ஆறு," என்று படித்தாள்.

அப்பா எவர்சில்வர் தட்டைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தார். இடது புருவம் கிழிந்தது. பாவாடையால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே போய் அன்றைய தாளைக் கிழித்தாள். "நூத்தி நாப்பத்திரெண்டு," என்றாள்.

அதற்குப் பிறகு அப்பாவின் அடி நின்றுவிடவில்லை. ஆனால் கையை ஓங்கும்போது அவர் கண் ஒருமுறை காலண்டர் பக்கம் போய் வரும். இரண்டு வருடம் கழித்து விசைப்படகில் விசாகப்பட்டினம் பக்கம் மீன் தொழிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நாங்களும் தேடவில்லை.

நான் திருமுருகன், அவளுக்குப் பத்து வயது மூத்தவன். பத்தாவது வரை படித்தேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிவந்து எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை, கதவில் எந்த எண் சீல் என்று எழுதுவேன். பெட்டிக்கு நான்கு எழுத்து, ஏழு எண். பதினோரு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை.

ஆனால் சண்டை என்றால் கை முந்திக்கொள்ளும். குப்பத்தில் எல்லோருக்கும் அது தெரியும். இருபத்திரண்டு வயதில், மீன் ஏலம் விடும் இடத்தில் நடந்த சண்டையில் ஓர் ஆளைத் துடுப்பால் அடித்துத் தோள்பட்டையை உடைத்தேன். அவர்கள் புகார் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடித்தவன் ஒருவனாக இருந்தாலும், புகாரில் அந்த வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேர் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். அன்றைக்குச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்த எங்கள் அம்மா குப்பம்மா இரண்டாவது குற்றவாளி ஆனாள். நான்கு வருடம் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பாரிமுனைக் கோர்ட்டில் போய் நின்றாள். கடைசியில் விடுதலைதான். ஆனால் அந்த நான்கு வருடத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

நர்மதா பி.காம். படித்தாள். ரயிலில் போய் ரயிலில் வந்தாள். ஒருநாள் கூட்டத்தில் இடுப்பில் கை வைத்தவனின் விரலை, வண்டி அடுத்த நிலையத்தில் நிற்கும்வரை பின்னோக்கி வளைத்துப் பிடித்திருந்தாள். அவன் அலறியதைப் பற்றி அவள் வீட்டில் சொல்லவில்லை. கூட வந்த ஜெரினா என்ற பெண்தான் சொன்னாள். கல்லூரிக்கு ஆள் எடுக்க ஒரு பெரிய ஆடிட்டிங் கம்பெனி வந்தது. பல நாடுகளில் கிளை இருக்கிற கம்பெனி. முந்நூறு பேர் எழுதிய தேர்வில் பதினோரு பேரை எடுத்தார்கள். அவள் மூன்றாவது. கிண்டியில் ஆபீஸ், ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும்.

கம்பெனி அனுப்பிய கடிதத்தை நான் நான்கு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஐந்தாவது பத்தியில் இருந்தது சங்கதி. சேர்வதற்கு முன்னால் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். அவள் பெயரில் எங்கேயாவது போலீஸ் வழக்கு இருக்கிறதா என்று தேடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வருவார். முகவரிச் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களையும் விசாரிப்பார். ஏதாவது தப்பாக வந்தால் வேலை ரத்து. கரன்ட் பில் என் பெயரில் இருந்தது. சேர்வதற்கு முந்தைய சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகப் போனில் சொன்னார்கள்.

அதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். பேனர் அடித்தேன்.

எங்கள் தெருவில் காதுகுத்துக்கும் பேனர் உண்டு, கருமாதிக்கும் பேனர் உண்டு. ஆடிட்டிங் கம்பெனியில் வேலை கிடைத்ததற்கு இதுவரை யாரும் பேனர் வைத்ததில்லை. ஆறடிக்கு நாலடி. நர்மதா பட்டமளிப்பு அங்கியில் சிரிக்கிற படம். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒவ்வோர் எழுத்தையும் மூன்று முறை சரிபார்த்தேன். தெருமுனை மின்கம்பத்தின் உயரத்தை டேப் வைத்து அளந்தேன். புதன்கிழமை சாயங்காலம் நைலான் கயிற்றில் எட்டு முடிச்சுப் போட்டு, நானே ஏறிக் கட்டினேன்.

தேதியை மட்டும் பார்க்கவில்லை.

அந்தக் கம்பத்தடியில்தான் நான்கு வருடம் முன்பு வெற்றி என்ற பையனை மூன்று பேர் வெட்டிக் கொன்றார்கள். அந்தச் சனிக்கிழமை அவன் செத்த நாள். அந்த வாரம் முழுக்க அந்தக் கம்பம் அவனுடையது. அவன் அண்ணன் பக்தவச்சலம் அங்கே கண்ணீர் அஞ்சலிப் பேனர் கட்டுவான். வேறு யாரும் ஒரு கொடிகூடக் கட்ட மாட்டார்கள். பக்தவச்சலம் லாரி ஷெட் வைத்திருந்தான். தம்பியை வெட்டியவர்களில் இருவர் இப்போது நொண்டி நடக்கிறார்கள். அதற்குக் காரணம் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த ரெக்கார்டிலும் இல்லை.

வியாழக்கிழமை காலை அவன் தம்பியின் பேனரோடு வந்தபோது, கம்பத்தில் என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் போவதற்குள் பேனர் சாக்கடையில் கிடந்தது. "யார்றா இத்தக் கட்னது?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"நாந்தான், பக்தா. தேதிய மறந்துட்டேன். தப்பு என்னுது."

"மறந்துட்டியா? என் தம்பி ரத்தம் ஊத்தின எடம்டா. உன் தங்கச்சி பல்லக் காட்டிகினு நிக்குது அங்க!"

பேனர் சட்டத்துச் சவுக்குக் கழியை உருவி என் முழங்காலில் அடித்தான். விழுந்தேன். அவனோடு வந்த இருவரும் உதைத்தார்கள். விலாவில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கையெட்டும் தூரத்தில் ஒரு செங்கல் கிடந்தது. என் விரல்கள் அதை மூடிப் பிடித்துவிட்டன. பிடித்த பிறகு விட்டேன்.

டீக்கடையிலிருந்து ஒருவன் கத்தினான். "இன்னாடா திரு, சொம்மா பட்த்துகினு கீற? வளையல் போட்டுகினியா?"

அம்மா மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்மேல் விழுந்தாள். அவள் முதுகில் ஓர் அடி விழுந்ததும் பக்தவச்சலம் கழியை எறிந்தான்.

"எந்தக் கையால கட்ன? சோத்துக் கையா?" என்று கேட்டான். நான் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "சனிக்கெழம படையல் போட்டுட்டு வரேன். அந்தக் கை எனுக்கு வோணும்."

நர்மதா வீட்டில் என் விலாவுக்குத் துணி சுற்றினாள். "நீ ஏன்ணா திருப்பி அடிக்கல?"

"நான் ஒரு அடி அடிச்சா அவன் ஸ்டேஷனுக்குப் போவான். கேஸுல ஏ-ஒன் நான், ஏ-டூ அம்மா, ஏ-த்ரீ நீ. அப்பால கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல உன் பேர அடிச்சா இன்னா வரும்?"

"அப்ப நாம மொதல்ல கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்."

"குடுத்தாலும் அவன் எதிர்க் கம்ப்ளெயின்ட் குடுப்பான். உன் பேரு அதுலயும் வரும்."

அவள் துணியை இழுத்து இறுக்கினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா என்னை எண்ணூரில் அத்தை வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்ளச் சொன்னாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டியவன் நான். எங்கே போவது?

சனிக்கிழமை பத்தரைக்கே தெருமுனையில் கற்பூர வாசனை வந்துவிட்டது. வெற்றியின் படத்துக்கு முன்னால் பிரியாணியும் குவார்ட்டர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். பதினொன்று ஐந்துக்கு ஒரு ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நின்றது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். பெயர் ஜெபசிங் என்றார். எங்கள் கதவைப் படம் பிடித்தார். கரன்ட் பில்லைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். என் உதடு வீங்கியிருந்ததைப் பார்த்து, "என்ன சார், அடி?" என்றார்.

"யார்டுல பெட்டி எடிச்சிகிச்சு சார்."

"பக்கத்துல இருக்கறவங்க யாராவது ஒருத்தர் சொன்னா போதும்," என்று திரும்பினார்.

பின்னால் பக்தவச்சலம் நின்றிருந்தான். கையில் இரண்டடி இரும்புக் குழாய். கூட அந்த இருவர். ஜெபசிங் குழாயைக் கவனித்தாரோ இல்லையோ, லாரிப் பட்டறை ஆள் என்று நினைத்திருக்கலாம்.

"சார், நீங்க இந்தத் தெருதானா? இவங்க நர்மதாங்கறவங்க. தெரியுமா?"

ஒரு வார்த்தை போதும். 'அந்த வூடே ரவுடி வூடு' என்றால் முடிந்தது. அதில் பாதி உண்மையும்கூட. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நர்மதா அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்தவச்சலம் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"தெரியுமாவா? பாவாடை கட்டன நாள்லேந்து தெரியும். நல்ல பொண்ணு சார். தல நிமிராம போவும், வரும். எங்க தெருவுக்கே அதான் மொத மொதல்ல இந்த மாரி வேலைக்குப் போவுது. எழுதிக்குங்க."

"ஏதாவது கேஸு, தகராறு?"

"இந்தத் தெருவுலயா? ஒண்ணும் கெடையாது சார்."

தன் பெயரைச் சொல்லி, போன் நம்பரைச் சொல்லி, திரையில் விரலால் கையெழுத்தும் போட்டான். ஜெபசிங் நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை பக்தவச்சலம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழாயைக் கையில் எடுத்தான்.

"பொண்ணு மேல எனுக்கு ஒண்ணும் இல்ல. சொல்லிட்டேன். நீ வா."

கம்பத்தின் அடியில் ஒரு சிமென்ட் திட்டு உண்டு. அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நர்மதா அம்மாவின் அரிவாள்மணையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் முகம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி இருந்ததைப் போலவே இருந்தது. எதுவும் அவளை நிறுத்தாது என்று எனக்குத் தெரிந்தது. பக்தவச்சலத்தின் ஆள் ஒருவன் கத்தியை எடுத்துவிட்டான்.

இன்னும் பத்து எட்டில் அவள் வந்துவிடுவாள். அவள் வருவதற்குள் இது முடிய வேண்டும். நானே போய் மண்டியிட்டு, வலது கையைத் திட்டின்மேல் விரித்து வைத்தேன்.

"அடி," என்றேன். "சீக்கிரம் அடி, பக்தா."

இரண்டு முறை அடித்தான். முதல் அடியில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கின. இரண்டாவதில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வெளியே வந்தது. நான் மாடு மாதிரி கத்தினேன் என்று அம்மா சொன்னாள். எனக்கு நினைவில் இருப்பது குழாய் சிமென்டில் பட்ட ஓசையும், கண்ணுக்கு நேரே மாலை போட்ட வெற்றியின் படமும்தான்.

நர்மதா வந்து சேர்ந்தபோது பக்தவச்சலம் குழாயைக் கீழே போட்டிருந்தான். "முட்ஞ்சிட்ச்சு. வூட்டுக்குப் போம்மா," என்றான். அவள் அரிவாள்மணையை இறக்கவில்லை. நான் இடது கையால் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் பதிவேட்டைத் திறந்து எப்படி ஆயிற்று என்று கேட்டார். அடிதடி என்று எழுதினால் அங்கேயே போலீசுக்குத் தகவல் போய்விடும்.

"கன்டெய்னர் கதவு சாத்திகிச்சு டாக்டர்."

அவர் நம்பவில்லை. நர்மதாவிடம் திரும்பி, "நீ பார்த்தியாம்மா?" என்றார்.

அவள் சட்டையில் என் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தட்டு முகத்தில் பட்டபோதுகூட ஒன்றை ஒன்றரை என்று எழுதாதவள் அவள்.

"ஆமா," என்றாள். "கதவுதான்."

வெளியே வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் போட்டுக்கொண்டாள். விம்கோ நகர் மெட்ரோவரை கூட வருகிறேன் என்றேன். கை கழுத்தில் தொங்கியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லியும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே வந்துவிட்டேன். தெருமுனையில் பக்தவச்சலம் தம்பியின் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும், "இன்னா ஆடிட்டர், கெளம்பிட்டியா?" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

நர்மதா நின்றாள். பையைத் திறந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்தாள். சனிக்கிழமைத் தாள். அதைப் புரட்டிப் படித்தாள்.

"காலைல பதினொண்ணு இருவது. எத்த வெச்சு, இரும்புக் கொழாயி, ரெண்டு அடி நீளம் தேறும். எத்தினி அடி, ரெண்டு. வலது கை ரெண்டு வெரலு, மணிக்கட்டு எலும்பு. அடிச்சது பக்தவச்சலம். காரணம், பேனரு. பாத்தது, நான்."

தெருவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பக்தவச்சலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. கை மேலே எழுந்தது. நான் அவளுக்கு முன்னால் போக எட்டு வைத்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள். அவன் கை பாதியில் நின்றது. கண் அந்தத் தாளுக்குப் போய் வந்தது.

"ஸ்டேஷனுக்குக் குடுக்கப் போறியா?"

"இப்ப இல்ல."

"அப்ப எதுக்கு அத்த வெச்சிகினு கீற?"

"எழுதனத நான் கிழிக்கறதில்ல," என்றாள். தாளை நான்காக மடித்துப் புது அடையாள அட்டை போடும் உறையில் வைத்துக்கொண்டாள். பிறகு அவனைத் தாண்டி நடந்தாள்.

மெட்ரோ படியில் என்னைத் திரும்பிப் போகச் சொன்னாள். நான் போகவில்லை. வண்டி வரும் சத்தம் கேட்கும்வரை கீழேயே நின்றேன். வீட்டுக்கு வந்து, அன்றைய தாளைக் கிழித்து, அவள் கிளம்பிய நேரத்தை இடது கையால் எழுதினேன். ஏழு ஐம்பத்திரண்டு. ஏழு எது, இரண்டு எது என்று எனக்கே தெரியாத கோணல். இன்னொரு தாள் எடுத்து, சரியாக வரும்வரை எழுதினேன்.