அறைக்குள் கேட்ட அழுகை

மாரிச்செல்வி மம்சாபுரத்துக்காரி. ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தபோது, சூப்பர்வைசர் அம்மா அந்தப் பக்கம் போனதும் அந்த அம்மாவின் குரலிலேயே இவள் அதட்டுவாள். பெண்கள் பதறி நிமிர்வார்கள். பிறகு ஒரே சிரிப்பு. யாரோ அதைப் போனில் எடுத்து அனுப்பப்போய், டிவி காமெடிப் போட்டியில் இடம் கிடைத்தது. நடிகைகள், மேடைப் பேச்சாளர்கள், பஸ்ஸில் சண்டை போடும் கிழவி என்று மூச்சுவிடாமல் குரல் மாற்றுவாள். கொஞ்ச காலம் சுற்றுவட்டாரத்தில் அவள் இல்லாத கோயில் கொடைத் திருவிழா மேடை கிடையாது. புருஷன் வேலுசாமியின் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்கள், "டிவி மாரிச்செல்வி வீட்டுக்காரரா?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார்கள்.

அவனுக்குப் பெருமைதான். ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்தது. வெளியூரிலிருந்து போனில், "சாப்பிட்டீங்களா?" என்று கொஞ்சுவாள். இது எந்த நடிகையின் கொஞ்சல் என்று யோசித்துக்கொண்டே கிடப்பான்.

பிறகு அந்த டிவி நிகழ்ச்சி நின்றுபோனது. அவள் போட்ட குரல்களெல்லாம் பழசாகிவிட்டன. இளவட்டங்களுக்கு அவை யாருடையவை என்றே தெரியவில்லை. மேடைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டு, அதே ஊரில் ஒரு பல் டாக்டரிடம் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள்.

ஒரு புதன்கிழமை அவளுக்கு லீவு. மத்தியானம் வேலுசாமி சாப்பிட வந்தான். உள்ளறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே ஒரு சின்னப் பெண் விக்கி விக்கி அழுகிற சத்தம். கதவைத் தட்டினான். மாரிச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"யாரு அழுதது?"

"ஒண்ணுமில்ல. சோறு போடட்டா?"

ஏதோ புதுக் குரல் பழகுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கருத்தம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். திருப்பூரிலிருக்கும் மகள் மத்தியானம் போனில், "அம்மா, வண்டியில அடிபட்டுட்டேன், உடனே பணம் அனுப்பு" என்று அழுதாளாம். நகை வாங்க வைத்திருந்த பணத்தை எல்லாம் அனுப்பிவிட்டாள். பிறகு மகளே கூப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எம்புள்ள குரலேதான்!" என்றாள் கருத்தம்மாள். சொல்லும்போதே அவள் கண் மாரிச்செல்வி வீட்டு வாசலுக்குப் போனது. தெருவே அங்கே திரும்பியது.

வேலுசாமிக்கு மத்தியானம் கேட்ட அழுகை ஞாபகம் வந்தது. மறுநாள் விசாரிக்க வந்த போலீஸ்காரர், "அந்த நேரம் உங்க வீட்டம்மா என்ன செஞ்சாவ?" என்று கேட்டார்.

"தெரியாது சார். நான் வண்டியில இருந்தேன்" என்றான். பொய். பக்கத்தில் நின்ற மாரிச்செல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். போலீஸ்காரர் போன பிறகு, அவள் குளிக்கப் போனபோது, அவள் போனை எடுத்துத் தடவிப் பார்த்தான். குளித்துவிட்டு வந்தவள் அதையும் பார்த்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஆட்கள் பிடிபட்டார்கள். எங்கோ வடக்கே இருந்துகொண்டு, கருத்தம்மாள் மகள் போட்ட ரீல்ஸிலிருந்து கம்ப்யூட்டரில் குரல் செய்திருக்கிறார்கள். கருத்தம்மாள் வந்து கையைப் பிடித்தாள். "ஏட்டி, மனசுல வச்சுக்கிடாத." மாரிச்செல்வி காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அவள் போன பிறகு வேலுசாமி மெல்லக் கேட்டான். "அப்ப, அன்னைக்கு உள்ள அழுதது?"

"நான்தான். டிவிக்காரங்க விழா வச்சு, பழைய ஆளுக எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. என்னைய மட்டும் விட்டுட்டாங்க. போன் போட்டுக் கேட்டேன். 'இப்ப அம்புட்டுக் குரலும் போன்லயே வருதும்மா'ன்னாங்க."

"யாரோ சின்னப்புள்ள மாதிரி இருந்துச்சே."

"அது என் குரலு" என்றாள். "போலீஸ்கிட்ட என்னைய காப்பாத்துறதா நெனச்சுப் பொய் சொன்னீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அதிலிருந்து அவள் வேலைக்கு அவன் வண்டியில் போவதில்லை. ஒருநாள் மழை. பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நின்றவள் முன்னால் ஆட்டோவை நிறுத்தி, "ஏறு" என்றான். ஏறினாள். பின்சீட்டில், மற்றவர்களோடு. இறங்கும்போது எல்லோரையும் போலச் சில்லறையை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. சீட்டில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.